முகத்துவாரத்துப் பச்சைப் பாசி

வெள்ளவத்தையில் நான் அறை எடுத்திருந்த வீட்டிலிருந்து கடலுக்குப் போக ஓர் ஒழுங்கையும் ஒரு ரயில் பாதையும்தான் குறுக்கே. அன்று விடிந்ததும் தண்டவாளத்தைக் கடந்து பாறைகளில் இறங்கி, இரண்டு பெரிய போத்தல்களில் கடல்நீர் நிரப்பிக்கொண்டேன். என் பயணம் அங்கேதான் தொடங்கியது. போகவேண்டிய இடம் முகத்துவாரம். கொட்டாஞ்சேனைக்கும் அப்பால், களனி ஆறு கடலில் விழும் இடம். பஸ்ஸில் பதின்மூன்று கிலோமீற்றருக்கு மேல் வராது.

யுத்த காலம். அதற்கு முந்திய கிழமைதான் நகரத்தில் ஒரு குண்டு வெடித்திருந்தது. பிறந்த இடம் வடக்கில் ஒரு தீவு என்று அடையாள அட்டையில் எழுதியிருக்கும் எவருக்கும் அந்தப் பதின்மூன்று கிலோமீற்றர் நீண்ட தூரம்.

நான் அப்போது தாவரவியலில் மேற்படிப்புக்காகக் கடற்பாசிகளை ஆராய்ந்துகொண்டிருந்தேன். ஒரே கரையில் ஏன் ஓர் இடத்தில் ஒரு பாசியும் அடுத்த இடத்தில் இன்னொன்றும் வளர்கிறது என்பதுதான் கேள்வி. கொழும்புக் கடலின் சூடு வருடம் முழுவதும் பெரிதாக மாறுவதில்லை. இருபத்தெட்டுப் பாகைக்குக் கிட்ட நிற்கும். உப்பும் அப்படித்தான், ஒரு லீற்றரில் முப்பத்தைந்து கிராமுக்குக் கிட்ட. ஆனால் பாறைக் குழிகளில் கதை வேறு. கடல் வற்றினால் தேங்கிய நீர் வெய்யிலில் சுடும். மழை பெய்தால் அதே நீரில் உப்புப் பாதியாகும். சிவப்புப் பாசிகள் இதைத் தாங்கமாட்டா. நல்ல தண்ணீர் பட்டால் நிறம் வெளுத்து இறந்துவிடும். மெல்லிய இலை போன்ற பச்சைப் பாசியோ எதையும் தாங்கும். வெள்ளவத்தைக் கால்வாய் கடலில் விழும் இடத்தில் அது மட்டுமே பாறையை மூடியிருக்கும். இருபதடி தள்ளிப் போனால்தான் சிவப்பைக் காணலாம்.

கால்வாய்க்கே இப்படி என்றால் பெரிய ஆற்றுக்கு எப்படி இருக்கும்? பல நாள் மழையில் களனி பெருகி வந்திருந்தது. பாதி நன்னீரில் வளர்ந்த பாசியை முழு உப்பு நீரில் போட்டால் வளருமா, வாடுமா, வித்துகளைக் கொட்டுமா என்று பார்க்க அதைவிட நல்ல சமயம் இல்லை. கடல் நன்றாக வற்றும் நேரமும் அன்று காலையில் இருந்தது. என்னோடு வர இருந்த சிங்களத் தோழி நிலந்தியை, குண்டு வெடித்த பிறகு அவளுடைய அம்மா வெளியே விடவில்லை.

வீட்டுக்கார ராணி அன்ரி கேற்றடியில் என்னை மறித்தார்.

"உந்தப் போத்திலுகளோடை எங்கை பிள்ளை போறாய்?"

"முகத்துவாரத்துக்கு அன்ரி. மத்தியானத்துக்கு முதல் வந்திடுவன்."

"உனக்கென்ன விசரே? வெறுங்கையோட போற பிள்ளையளையே பிடிக்கிறாங்கள்."

"கம்பஸ் கடிதம் வைச்சிருக்கிறன்."

"கடிதம்..." என்று மட்டும் சொல்லிவிட்டுக் கேற்றைத் திறந்தார். இங்கே தங்கியிருப்பதைப் பொலிஸில் பதிந்த படிவத்தின் பிரதியும் இருக்கிறதா என்று கேட்டார். இருந்தது.

பையில் இருந்தவற்றை இங்கே சொல்லிவிடுகிறேன். இரண்டு போத்தல் கடல்நீர், இரண்டு வெறும் போத்தல்கள், துணியில் சுற்றிய வெப்பமானி, உப்பை அளக்கும் கருவி. இந்தக் கருவி சிறிய தொலைநோக்கி மாதிரி இருக்கும்; ஒரு துளி நீரை விட்டு வெளிச்சத்தைப் பார்த்துக் கண்ணில் வைத்தால் அளவு தெரியும். கடைசியாக ஒரு சின்னப் போத்தலில் ஃபோர்மலின். பாசித் துண்டுகளை அழுகாமல் வைத்திருக்கும் மருந்து. பார்வைக்குத் தண்ணீர், குடித்தால் நஞ்சு.

மட்டக்குளி பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்திருந்தேன். அந்தக் காலத்தில் பையை மேலே வைத்தாலும் காலடியில் வைத்தாலும் யாராவது "காகேத மே பேக் எக?" என்று கேட்பார்கள். இது யாருடைய பை என்ற அந்தக் கேள்வி வந்ததும் பஸ் முழுவதும் திரும்பிப் பார்க்கும். பம்பலப்பிட்டி தாண்டியதும் எல்லோரையும் இறக்கினார்கள். இறங்கி, நடந்து, அட்டையைக் காட்டி, மறுபடி ஏறினோம். சிப்பாய் என் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பையைத் திறக்கச் சொல்லவில்லை. பஸ் மறுபடி கிளம்பியது. பக்கத்துச் சீட்டில் இருந்த அம்மா ஒருவர் என் போத்தல்கள் ஒன்றோடொன்று மோதும் சத்தத்தைக் கேட்டுத் தன் கைக்குட்டையைத் தந்தார். இடையில் செருகச் சொன்னார். அவர் எந்த மொழிக்காரர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. கையாலேயே சொன்னார்.

கொட்டாஞ்சேனையில் இறங்கினேன். கோயில் மணியும் மாதா கோயில் மணியும் ஒரே தெருவில் கேட்கும் இடம் அது. நகை அடைவுக் கடைகள், இடியப்பம் விற்கும் வீட்டு வாசல்கள், துறைமுகத்துக்குப் போகும் லொறிகளின் கரிப்புகை. தெரு முனையில் ஓர் ஆட்டோவுக்குக் கை காட்டினேன்.

ஓட்டுநரின் பெயர் தியாகு. முப்பது வயது இருக்கும். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்து, கொழும்புக்கு வந்து, கல்யாணமும் முடித்தவர்.

"முகத்துவாரத்துல எங்க மிஸ்? கோயிலுக்கா?"

"இல்லை அண்ணை, ஆறு கடலிலை விழுற இடத்துக்கு. கொஞ்ச நேரம் நிண்டு திரும்பக் கொண்டுவந்து விடுவீங்களோ?"

"அங்க என்னா இருக்கு?"

"கடற்பாசி."

கண்ணாடியில் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாசியப் பாக்கவா இவ்வளவு தூரம்!"

ஆற்று வாயில் நீர் தேநீர் நிறத்தில் இருந்தது. கடல் நீலமும் ஆற்று நீரும் சந்திக்கும் கோடு, யாரோ கயிறு கட்டியதுபோல் வெளியே தெரிந்தது. கரைக்கற்களில் மீன்காரர் சிலர் வலை உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் கற்களில் தவழ்ந்து இறங்கி ஒரு துளி நீர் எடுத்து அளந்தேன். கடலின் உப்பில் கால் பங்குகூட இல்லை. அப்படியும் கற்களெல்லாம் பச்சை. ஒரு சிவப்புப் பாசிகூட இல்லை. அடியில் ஒட்டியிருந்த சில தண்டுகள் வைக்கோல் நிறத்தில் செத்துக் கிடந்தன. ஆறு ஒரு வாரத்தில் செய்த வேலை.

கடல் வற்றியதில் வெளியே தெரிந்த பச்சை இலைகள் வெய்யிலில் பாதி காய்ந்திருந்தன. சிலவற்றின் ஓரத்தில் மஞ்சள் கலந்த ஒரு கரை. அதைக் கண்டதும் எல்லாப் பயமும் போய்விட்டது. அந்தக் கரை, பாசி இனம் பெருக்கத் தயாராக இருப்பதன் அடையாளம். இலையின் ஓரத்து உயிர்க்கலங்களெல்லாம் நுண்ணிய வித்துகளாக மாறி, வெளியே வரக் காத்திருக்கும்.

நான் மறுபடி கருவியைக் கண்ணில் வைத்தபோது தியாகு மேலேயிருந்து கத்தினார்.

"மிஸ்! அதக் கண்ணுல வச்சிக்கிட்டு ஹாபர் பக்கம் திரும்பாதீங்க! நேவி பாக்குறான்!"

திரும்பினேன். தூரத்தில், துறைமுகப் பக்கத்துக் காவல் கூண்டில் ஓர் உருவம் எழுந்து நின்றது. கருவியைச் சட்டென்று பைக்குள் போட்டேன். அவசரத்தில், மஞ்சள் கரை இருந்த இலைகளை ஈரத் தாளில் சுற்றாமல், வெள்ளவத்தைக் கடல்நீர்ப் போத்தல் ஒன்றுக்குள் அப்படியே அமுக்கி மூடினேன். உப்பு நீரில் போடுவதை ஆய்வுகூடத்தில் போய்ச் செய்யத்தான் நினைத்திருந்தேன்.

திரும்பும் வழியில், கொட்டாஞ்சேனைக்குள் நுழையுமுன், காலையில் இல்லாத ஒரு சோதனைச் சாவடி இருந்தது.

ஒரு சார்ஜன்ட், துப்பாக்கியோடு இரண்டு பேர், ஒரு பெண் பொலிஸ். அந்தப் பெண்ணுக்கு என் வயதுதான். பையைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. போத்தல்களை ஒவ்வொன்றாக எடுத்து மணல் மூட்டைகளின் மேல் வரிசையாக வைத்தாள். பிறகு வெப்பமானி. பிறகு கருவி. பல்கலைக்கழகம் ஆங்கிலத்தில் தந்த என் கடிதத்தைச் சார்ஜன்ட் நெடுநேரம் பார்த்தார். தியாகுவின் அட்டையில் ஹற்றன் விலாசம் இருந்தது. கொட்டாஞ்சேனையில் அண்மையில் மாறிய வீட்டை அவர் இன்னும் பொலிஸில் பதியவில்லை.

"இன்ன," என்றார் சார்ஜன்ட். இரு. மேலிடத்துக்கு அறிவிக்க வோக்கி டோக்கியை எடுத்துக்கொண்டு அப்பால் போனார்.

தெருவோரத்தில் நின்றோம். வெய்யில் ஏறிக்கொண்டிருந்தது. போத்தல்கள் வெய்யிலில் நின்றன. நீர் சூடேறுகிறது என்று ஒரு பக்கம் மனம் கணக்குப் போட்டது. மறுபக்கம் இன்று இரவு நான் எங்கே படுப்பேன் என்று நினைத்தது. பிடித்துக்கொண்டு போனவர்களைத் தேடித் தாய்மார் பொலிஸ் நிலையங்களில் ஏறி இறங்கிய கதைகள் வெள்ளவத்தையில் ஒவ்வொரு ஒழுங்கையிலும் இருந்தன. என் அம்மாவுக்குச் செய்தி போகவே கிழமைக் கணக்காகும்.

அப்போது அந்தப் பெண் பொலிஸ் வீரிட்டாள்.

கடல்நீர்ப் போத்தலைக் காட்டினாள். கண்ணாடி மாதிரி இருந்த நீர் பச்சையாகிக்கொண்டிருந்தது. இலைகளிலிருந்து புகைபோல் பச்சை கிளம்பி நீரில் பரவியது. யாரும் தொடவில்லை. தானாகவே.

"அயின் வென்ன! அயின் வென்ன!" விலகு, விலகு என்று கத்திக்கொண்டு எல்லோரும் பின்னால் ஓடினார்கள். ஒரு லொறி பிரேக் போட்டது. இரண்டு துப்பாக்கிகளும் எங்கள் பக்கம் திரும்பின. தியாகு கைகளைத் தூக்கிக்கொண்டு முழங்காலில் விழுந்தார்.

எனக்குத் தெரியும், அது என்ன என்று. காய்ந்த இலை, திடீரென்று முழு உப்பு நீர், மேலே சுட்ட வெய்யில். பாசி தன்னிடமிருந்த வித்துகளையெல்லாம் ஒரே நேரத்தில் வெளியே விட்டுவிட்டது. மாதக் கணக்காக நான் பார்க்கக் காத்திருந்த காட்சி. அதைச் சொல்ல என்னிடம் சிங்களச் சொல் இல்லை. அதற்குக் கிட்ட வரும் ஒரே சொல்லைச் சொன்னேன்.

"பெட்டவ்! மேகே பெட்டவ்!"

இதன் குட்டிகள். நாய்க்குட்டி, பூனைக்குட்டிக்குச் சொல்லும் சொல்.

 நான் கைகளை உயர்த்தியபடி, அவை வெளிச்சத்தை நோக்கி நீந்தும், போத்தலைத் திருப்பிப் பாருங்கள் என்று அரைகுறைச் சிங்களத்தில் குழறினேன். சத்தம் கேட்டுத் திரும்பி வந்திருந்த சார்ஜன்ட் என்னையே போய்த் திருப்பச் சொன்னார். இருபதடி நடந்தேன்.  போத்தல் கையிலிருந்து விழுந்தால் சுடுவார்கள் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. இரு கையாலும் பிடித்து மெல்லத் திருப்பினேன். வெய்யில் பக்கம் திரண்டிருந்த பச்சைப் பட்டை நிழலுக்குப் போனது. சற்று நேரத்தில் அது கலைந்து, மெதுவாக நகர்ந்து, மறுபடி வெய்யில் பக்கம் வந்து சேர்ந்தது. அந்தப் பெண் பொலிஸ் வாயில் கைவைத்தபடி கிட்ட வந்து குனிந்து பார்த்தாள்.

சார்ஜன்ட் பார்க்கவில்லை. "பொன்ன," என்றார் என்னிடம். குடி.

மூடியைத் திறந்து ஒரு வாய் குடித்தேன். உப்பும் பச்சை வாடையும் தொண்டையில் ஒட்டின. விழுங்கிவிட்டு வாயைத் திறந்து காட்டினேன்.

சார்ஜன்ட் தடியால் அடுத்த போத்தலைக் காட்டினார். பிறகு தியாகுவைக் காட்டினார். அது சின்னப் போத்தல். கடல்நீர் பட்டு அதன் லேபல் கழன்று போயிருந்தது.

தியாகு எழுந்து வந்தார். நான் குடித்ததையும் எனக்கு ஒன்றும் ஆகாததையும் பார்த்துக்கொண்டிருந்தவர். போத்தலை எடுத்து மூடியைத் திருகினார். என்னைப் பார்த்து, கேட்கும் பாவனையில் தலையை ஆட்டினார்.

அந்தச் சாவடியில், அந்தக் கிழமையில், ஒரு தமிழ்ப் பெண் வாயிலிருந்து எந்தச் சொல் வரக்கூடாதோ அந்தச் சொல் எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

"வஸ!" என்று கத்தினேன். நஞ்சு. "குடிக்காதேங்கோ அண்ணை! வஸ! வஸ!"

மூடி கழன்றுவிட்டது. வாடை முகத்தில் அடித்துத் தியாகு இருமினார். சார்ஜன்ட் போத்தலைப் பறித்து முகர்ந்து, கண்ணில் நீர் வழியப் பின்வாங்கினார். அதன் பிறகு எந்த விளக்கத்துக்கும் இடமிருக்கவில்லை. எங்கள் இருவரையும் ஜீப்பில் ஏற்றினார்கள். ஆட்டோவை ஒரு பொலிஸ்காரர் பின்னால் ஓட்டிவந்தார்.

பொலிஸ் நிலையத்தில் என்னை ஒரு நீள மர வாங்கில் இருத்தினார்கள். தியாகுவை உள்ளே கொண்டுபோனார்கள். கதவு சாத்தியதும் ஒரு சத்தம் கேட்டது. பிறகு இன்னொன்று. நான் சுவரில் இருந்த பழைய நாட்காட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். நஞ்சை எங்கே கொண்டுபோனாய், யாருக்கு, எந்தத் தண்ணீர்த் தாங்கிக்கு என்று ஒருவர் மாற்றி ஒருவர் வந்து கேட்டார்கள். பாசி என்றேன். ஆறு என்றேன். உப்பு என்றேன். நான் சொல்லச் சொல்ல எனக்கே அது பொய்போல் கேட்டது. யார் யுத்தத்தின் நடுவில் பாசி பார்க்கப் போவார்கள்?

பின்னேரம், என் கடிதத்தில் கையெழுத்திட்டிருந்த எங்கள் பேராசிரியர் வந்தார். சிங்களவர், வயதானவர். உள்ளே போய்ப் பொறுப்பதிகாரியோடு கதைத்துவிட்டு வந்து, "வா, போகலாம்," என்றார் ஆங்கிலத்தில்.

"டிரைவர்?"

"அவனுடைய விலாசத்தில் ஏதோ பிரச்சினையாம். அது வேறு விஷயம்."

"வேறு விஷயம் இல்லை சேர். நான் கூட்டிக்கொண்டு வந்தவர்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "உன்னை வெளியே விட்டிருக்கிறார்கள். திரும்ப யோசிக்க அவர்களுக்கு நேரம் கொடுக்காதே."

அது சரியான புத்திமதி. எழுந்துபோக உடம்பு முழுவதும் துடித்தது. ஆனாலும் வாங்கை விட்டு நான் எழவில்லை. கடைசியில் அவரும் பெருமூச்சோடு மறுபடி உள்ளே போனார்.

அப்போதுதான், யாரோ சொல்லித் தெரிந்துகொண்டு, தியாகுவின் மனைவி வந்தாள். ஆறு மாத வயிற்றோடு, வீட்டுச் சொந்தக்காரரின் கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். அவர் கையெழுத்துப் போட்டால்தான் விலாசம் உறுதியாகும். என் முன்னால் நின்று கேட்டாள்.

"நீங்கதானா அந்த மிஸ்ஸு?"

"ஓம்."

 வாங்கின் மறுமுனையில் போய் உட்கார்ந்தாள். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அவள் கையை உயர்த்தித் தடுத்தாள்.

காத்திருந்த நேரத்தில் சாவடியில் இருந்த அந்தப் பெண் பொலிஸ் என் பையைக் கொண்டுவந்தாள். ஃபோர்மலினை வைத்துக்கொண்டார்களாம். பச்சைப் போத்தலைத் தானே எடுத்து நீட்டி, தாழ்ந்த குரலில் கேட்டாள். "பெட்டவ் மெருணத?" குட்டிகள் செத்துவிட்டனவா?

வெப்பமானியை விட்டுப் பார்த்தேன். பை பகல் முழுவதும் வெய்யிலில் கிடந்திருக்கவேண்டும், நாற்பதுக்குக் கிட்ட நின்றது. பச்சையெல்லாம் சாம்பல் நிறமாகி அடியில் படிந்திருந்தது. ஓம் என்று தலையாட்டினேன். அவள் "அபராதே" என்றாள். அநியாயம் என்று அர்த்தம். சொல்லிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்தபடி போய்விட்டாள். ஆற்று நன்னீரையும் கடல் உப்பையும் தாங்கும் பாசி. அதன் வித்துகளால் ஒரு பகல் வெய்யிலைத் தாங்க முடியவில்லை. ஆய்வுக்கு அன்று கிடைத்த ஒரே முடிவு அதுதான்.

பொழுது சாயும் நேரத்தில், பேராசிரியர் பேசி முடித்துவிட்டுப் போனபின், தியாகுவை விட்டார்கள். இடது காது தடித்துச் சிவந்திருந்தது. மனைவி அதைத் தொடப்போனாள், தலையைத் திருப்பிக்கொண்டார். ஆட்டோவை எடுத்து அவளைப் பின்னால் ஏற்றியவர், என்னையும் ஏறச் சொன்னார்.

"நான் நடந்து போறன் அண்ணை."

"இருட்டப் போவுது. ஏறுங்க மிஸ்."

பஸ் நிற்கும் இடத்தில் நிறுத்தினார். நான் இறங்கியதும் அவர் கேட்டார்.

"அத நான் குடிச்சிருந்தா?"

"ஆஸ்பத்திரிக்குப் போயும் தப்பியிருக்கமாட்டீங்கள் அண்ணை. அந்தச் சொல்லைச் சொன்னபடியாத்தான் உங்களை அடிச்சவங்கள். எனக்கு வேற வழி தெரியேல்லை."

அவர் மனைவி முதன்முறையாக என்னை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்தாள்.

தியாகு ஹாண்டிலைப் பிடித்தபடி இருந்தார். "ஒங்க மேல கோவம் இல்லீங்க மிஸ்," என்றார். "நீங்க கத்தலைன்னா நான் இல்ல. எனக்கு வெளங்குது. ஆனா இனிமே ரோட்டுல என்னையக் கண்டா கை காட்டாதீங்க. புள்ள பொறக்கப் போவுது."

"சரி அண்ணை."

வெள்ளவத்தைக்குப் போகும் பஸ்ஸில் காலையில்போலவே எல்லோரையும் இறக்கி ஏற்றினார்கள். என் சொந்தத் தீவில் கடலில் இறங்கவே தடை. கரையில் கண்ணிவெடியும் கடற்படையும். கொழும்பில் கடல் திறந்து கிடந்தது. இறங்கி நின்று பார்க்கலாம், அளக்கலாம். அதற்காகத்தான் இவ்வளவு தூரம் வந்தேன் என்று எல்லோரிடமும் சொல்லியிருந்தேன். அன்றைய பயணத்துக்குப் பிறகு அப்படிச் சொல்வதை விட்டுவிட்டேன்.

மிச்ச ஆராய்ச்சியை வெள்ளவத்தைக் கால்வாய் வாயிலேயே செய்து முடித்தேன். அடுத்த வருடம் ஒரு கல்யாண வீட்டுக்காகக் கொட்டாஞ்சேனைக்குப் போகவேண்டி வந்தது. தெருவில் நின்றபோது தியாகுவின் ஆட்டோ வந்தது. கிட்ட வரும்போது வேகம் குறைந்தது. அவர் மனைவி பின்னால் இருந்தாள்; மடியில் ஒரு குழந்தை. அவர் என்னைப் பார்த்தது எனக்குத் தெரிந்தது. நான் இரண்டு கைகளையும் சேலைத் தலைப்புக்குள் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, ஆட்டோ தாண்டிப் போகும்வரை எதிர்க் கடையின் பெயர்ப் பலகையை வாசித்தபடி நின்றேன்.